73 அடிகள்
முடிவுப் பட்டியலில் 19-21, 22-20, 20-22 என்று மூன்று எண்கள்தான் இருக்கும். 2017 கிளாஸ்கோ உலக பேட்மிண்டன் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி, சிந்துவும் ஜப்பானின் ஒகுஹாராவும். 110 நிமிடம்! இரண்டாவது செட்டின் கடைசிப் புள்ளிக்கு மட்டும் இருவரும் மாறி மாறிப் பந்தை 73 முறை அடித்தார்கள். அதை வென்றது சிந்து. ஓரத்துக்கு ஓரம் ஓடி இருவருக்கும் மூச்சு வாங்கியது, பார்த்துக்கொண்டிருந்த எனக்கும்தான். மூன்றாவது செட்டில் 20-20 வரை வந்து தோற்றபோது மனசு கனத்துப்போனது. வெள்ளிதான், ஆனால் நான் பார்த்ததிலேயே சிறந்த ஆட்டம் அதுதான்.

அப்புறம் 2019, சுவிட்சர்லாந்தின் பாசல். அதே ஒகுஹாரா, அதே இறுதிப்போட்டி. 21-7, 21-7. முப்பத்தெட்டே நிமிடம். பேட்மிண்டனில் உலக சாம்பியன் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஆனார் சிந்து. அன்று நான் அழுதேவிட்டேன்.