கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஒரு வீட்டு பிசி: காசை எங்கே போடலாம்?

பிள்ளைகளின் பாடம், ஜிஎஸ்டி கணக்கு, யூடியூப், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் வேலரன்ட் அல்லது ஜிடிஏ 5 கேம். தேவை இவ்வளவுதான் என்றால் கிராபிக்ஸ் கார்டுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டாம். ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போதும். 2021இல் வந்த ப்ராசஸர்தான். ஆனால் 6 கோர், 12 த்ரெட், உள்ளேயே வேகா 7 கிராபிக்ஸ், 65 வாட், பெட்டியோடு ஒரு கூலர் என்று வீட்டுக்கு வேண்டிய எல்லாம் இதில் இருக்கிறது.

பெயரின் கடைசியில் இருக்கும் ‘ஜி’யைக் கவனமாகப் பாருங்கள். 5600, 5600எக்ஸ், 5500 மூன்றிலும் உள் கிராபிக்ஸ் கிடையாது. இன்டெலில் ‘எஃப்’ என்று முடியும் ப்ராசஸர்களும் அப்படித்தான். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்ற பேச்சை நம்பி வாங்கினால் ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் சீல் உடையாத பாக்ஸ் பேக் கேளுங்கள். ஏஎம்டியின் 3 வருட வாரண்டி அதற்குத்தான். பெட்டியில்லாமல் உதிரியாக விற்கும் ட்ரே ப்ராசஸர் கொஞ்சம் மலிவு, ஆனால் அதற்குக் கடைக்காரர் சொல்லும் வாரண்டிதான்.

மதர்போர்டு ஏ520 அல்லது பி550. பழைய ஸ்டாக் என்றால் பி550 போர்டுகூட இந்த ப்ராசஸரை அடையாளம் காணாமல் போகலாம். பயாஸை, அதாவது பிசியை எழுப்பும் போர்டின் உள் மென்பொருளை, அப்டேட் செய்து தரச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள். ப்ராசஸர் இல்லாமலேயே பென் டிரைவிலிருந்து பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டு கிடைத்தால் நல்லது. ஃபைல்களை வைக்க, போர்டிலேயே மாட்டும் வேகமான 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று போதும். எஸ்எஸ்டியும் கார்டும் ப்ராசஸரோடு பேசும் வழிக்குப் பெயர் பிசிஐஇ, 5600ஜி அதில் 3.0 வரைதான் போகும். அடுத்த தலைமுறையான பிசிஐஇ 4.0 (ஜென் 4) எஸ்எஸ்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு இங்கே பலன் இல்லை.

இந்த பிசியின் உயிர் ரேமில் இருக்கிறது. தனி கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்த மெமரி உண்டு. வேகா 7க்கு அது இல்லை, உங்கள் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். டிடிஆர்4 3200 ஒரே ஒரு ஸ்டிக் போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி வழி திறக்கும். இரண்டு போட்டால் 51.2 ஜிபி. அந்த வழியில் ப்ராசஸரும் பங்கு கேட்கும். அதனால் 16 ஜிபி ஸ்டிக் ஒன்றும், 8 ஜிபி ஸ்டிக் இரண்டும் கணக்கில் சமமே தவிர கேமில் சமமே அல்ல. “இப்போ ஒண்ணு போடுங்க, அப்புறம் இன்னொண்ணு சேர்த்துக்கலாம்” என்ற யோசனை தனி கார்டு உள்ள பிசிக்குச் சரி, இதற்கு ஆகாது. கேபினட்டில் குறையுங்கள், கண்ணாடிக் கதவையும் கலர் லைட்டையும் விடுங்கள், ஆனால் ரேமை ஜோடியாகவே வாங்குங்கள்.

நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி 2ஆவதிலும் 4ஆவதிலும் மாட்ட வேண்டும். 1, 2 என்றோ 3, 4 என்றோ அடுத்தடுத்து மாட்டினால் இரண்டும் ஒரே சேனலில், அதாவது ஒரே வழியில், போய்விடும், ஜோடி வாங்கியதே வீண். பிறகு பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். சில போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி. இதை மறந்தால் 3200 என்று அச்சடித்த ரேம் 2133லோ 2400லோ ஓடிக்கொண்டிருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள். வேகத்தை டாஸ்க் மேனேஜரில் பார்க்கலாம், சேனல் ‘டூயல்’தானா என்பதை சிபியு-இசட் என்ற மென்பொருள் காட்டும். அதே பயாஸில் யுஎம்ஏ ஃபிரேம் பஃபர் என்று ஒன்று இருக்கும், கிராபிக்ஸுக்கென்று ரேமில் ஒதுக்கும் அளவு அது. 2 ஜிபி வையுங்கள். 4 ஜிபி கொடுத்தால் விண்டோஸுக்கு 12தான் மிஞ்சும்.

அசெம்பிள் செய்யும்போது கேபினட்டுக்குள் போடும் முன், மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 5600ஜி போன்ற ஏஎம்4 சாக்கெட் ப்ராசஸரில் பின்கள் அடிப்பக்கம் இருக்கும். லீவரைத் தூக்கி, தங்க முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தினால் தன் எடையிலேயே இறங்கும். விரலால் அழுத்தினால் பின் வளையும். கூடவே வரும் கூலருக்கு நான்கு ஸ்க்ரூ. அதற்காக போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் பின்பக்கத் தகடு நழுவி விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூக்களை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்குங்கள். பேஸ்ட் கூலரிலேயே தடவியிருக்கும், மேலே போட வேண்டாம். பின்னாளில் கூலரை எடுக்க நேர்ந்தால் பிசியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கூலரை இடவலமாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும்.

ஃபேன் சுற்றியும் டிஸ்ப்ளே வரவில்லை என்றால் முதலில் மதர்போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் சிபியு பவர் கேபிளைப் பாருங்கள். அதிகம் மறப்பது அதைத்தான். அடுத்து ரேமைக் கழற்றி, ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். முதல் தடவை போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ள ஒரு நிமிடம்வரை கருப்புத் திரையாகவே இருக்கலாம், பதறி ஆஃப் செய்யாதீர்கள்.

கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை) வேண்டாம். இந்த பிசி கேமில்கூட 150 வாட்டைத் தாண்டாது. ஆனாலும் 450 அல்லது 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். நாளைக்கு 132 வாட் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு சேர்க்க அது தாங்கும். விலை குறைவென்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போக வேண்டாம். அதற்கு நான்கு பிசிஐஇ பாதைகள்தான், 5600ஜியின் பிசிஐஇ 3.0இல் மூச்சுத் திணறும்.

கடைசியாக எர்த். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது, டெஸ்டர் வைத்தால் எரிகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் கெட்டுப்போகவில்லை. அதன் உள்ளே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் பாடிக்கும் இடையே சிறு கெபாசிட்டர்கள் உண்டு. எர்த் வயர் இல்லாத பிளக் பாயிண்டில் பாடி ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும், கசிவது மிகச் சிறிய மின்சாரம்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயர் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சரியாகும்வரை பிசியும் மானிட்டரும் பிளக்கில் இருக்கும்போது எச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கி மாட்டாதீர்கள். அந்தச் சிறு கசிவே போர்ட்டைச் சாகடித்துவிடலாம்.