படியேறிய நிழல்

இப்போதுதான் கரண்ட் போனது. கீழே தரையில் மெழுகுவர்த்தி. மகள் மாடிப்படி ஏற, அவளைவிடப் பெரிய நிழல் ஒன்று சுவரில் ஏறியது. விரல்கள் மட்டும் நீண்டு நீண்டு...

அப்படியே நின்றுவிட்டேன்.

1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’. பேசாப்படம். அதில் ரத்தக்காட்டேரி படியேறும்போது ஆளைக் காட்டவே மாட்டார். கூன் விழுந்த முதுகும் நகம் நீண்ட கையுமாய் நிழல் மட்டும் ஏறும். அப்புறம் அந்தக் கை கதவை நோக்கி நீளும்.

இன்றுவரை எத்தனை பேய்ப்படங்களில் அந்த நிழல்!

வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி அழிந்துபோகும் என்பதும் இந்தப் படம் தந்ததுதான். மூலமான ‘டிராகுலா’ நாவலில் அவன் பகலிலேயே லண்டனில் நடமாடுவான்.

உரிமை வாங்காமல் எடுத்ததால் பிரதிகளை அழிக்கச் சொன்னது நீதிமன்றம். நல்லவேளை, சில தப்பின.

“அப்பா, மேலே இருட்டா இருக்கு!”

இதோ, மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு போகிறேன்.