வியர்க்காத பாதங்கள்

தன்னியக்க நரம்பு மண்டலத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பரிவு நரம்புகள் உடலை முடுக்குகின்றன, எதிர்ப்பரிவு நரம்புகள் தணிக்கின்றன என்று இரண்டாகப் பிரித்துவிட்டு, உடனே மன அழுத்தத்துக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் போய்விடுகிறார்கள். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், குடலசைவு, சிறுநீர்ப்பை, வியர்வை ஆகியவற்றை நம்மைக் கேட்காமலே நடத்திவரும் இந்த நரம்புகள் நோயினால் பழுதடையவும் கூடும் என்பது குறைவாகவே பேசப்படுகிறது. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில் அந்தப் பழுதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நீண்டகாலச் சர்க்கரை நோயாளியான என் தந்தைக்கு, காட்பாடி வீட்டில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்திருந்தாலும் நெற்றியிலும் மார்பிலும் வியர்வை வழியும். முழங்காலுக்குக் கீழே மட்டும் தோல் காய்ந்து, குதிகாலில் பித்தவெடிப்பு ஓடியிருக்கும். காரமே இல்லாத தயிர்ச்சோற்றைச் சாப்பிடும்போதும் அவருக்கு முகம் வியர்க்கும். அம்மா இவை அனைத்தையும் உடல் சூடு என்ற ஒரே காரணத்தில் அடக்கிவிடுவார். உண்மையில், இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருக்கும்போது மிக நீளமான நரம்பிழைகளே முதலில் கெடுகின்றன என்பதால், பாதத்தின் வியர்வைச் சுரப்பிகளுக்குச் செல்லும் மெல்லிய பரிவு இழைகள் செயலிழக்கின்றன. கீழே குறைந்ததை ஈடுகட்ட மேலுடல் கூடுதலாக வியர்க்கிறது. உணவின்போது முகம் வியர்ப்பதும் இதே நரம்புப் பழுதின் அறிகுறியாக இருக்கலாம்.

வறண்ட பாதத்தின் ஆபத்தை எங்கள் மாவட்டம் வேறொரு நோயின் வழியாக முன்பே அறிந்திருக்கிறது. தொழுநோய்க் கிருமி புறநரம்புகளுக்குள் புகுந்து வளர்வதால், தேமல் போன்ற படையில் தொடுவுணர்வு மங்குவதுடன் வியர்வையும் குறைகிறது. தொழுநோயாளியின் விரல்கள் தானாக அழுகுவதில்லை, உணர்வற்ற இடத்தில் ஏற்படும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்பதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் வலியுறுத்தினார். வியர்வையின் ஈரமில்லாத தோல் வெடித்து, அந்த வெடிப்பும் வலிக்காமல் இருந்தால், புண்ணுக்கு அதுவே வாசலாகிவிடும். ஆகவேதான் தொழுநோயாளிகளுக்குப் பாதத்தை நீரில் ஊறவைத்து எண்ணெய் தடவும் வழக்கம் கற்பிக்கப்படுகிறது. சர்க்கரை நோயாளிகள் ஊறவைப்பதைத் தவிர்த்து, கழுவித் துடைத்தபின், விரலிடுக்குகளை விட்டுவிட்டு எண்ணெயோ களிம்போ தடவுவதே நல்லது.

பழுது பாதத்தோடு நிற்பதில்லை. இதயத்தின் நரம்புகள் கெட்டவருக்கு மாரடைப்பு வலியில்லாமலே வரலாம். சர்க்கரை இறங்கும்போது எச்சரிக்கும் படபடப்பும் எழாமல் போகலாம். எழுந்து நிற்கும்போது கால்களை நோக்கி இறங்கும் இரத்தத்தை ஈடுகட்ட, நாளங்கள் நொடிகளில் சுருங்க வேண்டும். அந்தக் கட்டளை போய்ச்சேராவிட்டால் தலை சுற்றும். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளியோ கீழ் எண் 10 புள்ளியோ குறைந்தால் அதைக் கவனிக்க வேண்டும். உட்கார வைத்து மட்டும் அளந்தால் இது தெரியவே தெரியாது. அதனால் இப்போதெல்லாம், நிற்க வைத்தும் ஒருமுறை அளந்து பார்க்கும்படி மருத்துவரிடம் நானே கேட்டுவிடுகிறேன்.