உஸ்தாத் வைத்த நாலணா

நம் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது, கணக்கு வாத்தியாரைப் பற்றியும் தமிழ் ஐயாவைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருப்பார்கள், நான் உஸ்தாதைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்சிசியில், அதாவது தேசிய மாணவர் படையில், இருந்தவர்களுக்கு அவர் முகம் உடனே நினைவுக்கு வரும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பட்டாலியனிலிருந்து நம் பள்ளிக்குப் பயிற்சி கொடுக்க வந்துகொண்டிருந்த ஹவில்தார் அவர். ராணுவத்தில் பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவருக்குத் தமிழ் முப்பது நாற்பது சொல் தெரியும். எங்களுக்கு இந்தி அந்த அளவுகூடத் தெரியாது.

1979இல் நான் ஒன்பதாம் வகுப்பு. பரேடு முடிந்தால் கிடைக்கும் பூரி மசாலுக்காகச் சேர்ந்தவர்கள் பலர். நான் துப்பாக்கிக்காகச் சேர்ந்தேன். ஆண்டுக்கு ஒருமுறை பத்து நாள் கேம்ப். அதில் ஒரு காலை ஃபயரிங். பாயிண்ட் டூ டூ ரைஃபிள், 25 மீட்டர் தூரம், ஆளுக்கு ஐந்து ரவுண்டு. அந்த ஐந்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்போம்.

சுடுவதற்கு மூன்று விஷயம் வேண்டும் என்பது பாடம்: மஜ்பூத் பகட், ஷிஸ்த், ட்ரிகர். உறுதியான பிடி, குறி, விசை. உறுதியான பிடி என்றதும் நான் புரிந்துகொண்டது ஒன்றுதான், இறுக்கிப் பிடிக்க வேண்டும். தரையில் குப்புறப் படுத்து, விரல் முட்டிகள் வெளுக்கும்வரை ரைஃபிளின் மரக்கட்டையை நெரித்தேன். டார்கெட் தாளில் ஐந்து ஓட்டை விழுந்தது. ஒன்றுக்கும் மற்றதற்கும் உறவே இல்லை.

உஸ்தாத் திட்டவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, என் இடது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டையிலிருந்து பிரித்துவிட்டார். இடது முழங்கையைப் பிடித்து நகர்த்தி, ஏறக்குறைய ரைஃபிளுக்கு நேர் கீழே கொண்டுவந்தார். பிறகு என் முன்கையை விரலால் தட்டி, "ஹட்டி, ஹட்டி" என்றார். யாரோ எலும்பு என்று மொழிபெயர்த்தார்கள். மறுநாளிலிருந்து "எலும்பு, தம்பி, எலும்பு" என்று தமிழிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நாற்பது ஆண்டு கடந்து, எத்தனையோ பயிற்சியாளர்களைக் கேட்ட பிறகும் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னவரை நான் பார்க்கவில்லை. தசை களைக்கும், நடுங்கும். எலும்பு களைக்காது. முழங்கை தரையில் ஊன்றி, முன்கை ஒரு முட்டுக்கால் மாதிரி நின்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ளங்கையில் ரைஃபிள் சும்மா படுத்திருக்க வேண்டும். விரல்கள் அதைப் பிடிக்க வேண்டியதே இல்லை. வலது கை லேசாகப் பின்னால் இழுத்து, ரைஃபிளின் பின்முனையை, அதாவது ‘பட்’டை, தோள் குழியில் உட்கார வைக்கும். கன்னம் கட்டையில் சாய வேண்டும், தலையின் கனம் முழுவதும் அங்கே இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சாய வேண்டும் என்பது இன்னும் முக்கியம். கன்னம் நகர்ந்தால் கண் நகரும், கண் நகர்ந்தால் குறி நகரும். முன்குறியில், அதாவது குழல் முனையில் இருக்கும் குறியில், ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே 25 மீட்டரில் மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும்.

அப்புறம்தான் நாலணா. போல்ட்டைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டச் சொல்வார். ஊசி வெறும் இரும்பில் அடிக்கக் கூடாது என்று சுட்டுப்போட்ட காலித் தோட்டா உறை ஒன்றை உள்ளே போடுவார். குழலின் முனையில், முன்குறிக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு நாலணாவை வைப்பார். விசையை அழுத்த வேண்டும், காசு விழக் கூடாது. முதல் நாள் பத்துக்கு ஒன்பது முறை விழுந்தது. விசையை வெடுக்கென்று இழுத்தால் விழும். "எப்போது விழுமோ" என்று நினைத்தாலே விழும். எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல மெதுவாக, நேராகப் பின்னால் அழுத்த வேண்டும் என்று கையால் செய்து காட்டினார். டக் என்ற சத்தம் கேட்ட பிறகும் அப்படியே கிடக்க வேண்டும், தலையைத் தூக்கக் கூடாது. விசை விழுந்த பிறகும் குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணம் இருக்கிறது. அந்தக் கணத்தில் அசைந்தாலும் குறி கெடும்.

அடுத்த கேம்பில் என் ஐந்து ஓட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, செங்குத்தாக நின்றன. தாளைப் பார்த்ததும் உஸ்தாத் தன் வயிற்றில் கையை வைத்துக் காட்டினார். மூச்சு. படுத்த நிலையில் மூச்சை இழுத்தால் மார்பு எழும்பும், குழல் முனை இறங்கும். விட்டால் முனை ஏறும். மூச்சை விட்டு முடித்து, அடுத்தது தானாக வருவதற்கு முன் ஓர் அமைதி வரும். அதில் சுட வேண்டும். ஏழெட்டு வினாடிக்குள் முடியவில்லையென்றால் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் கண் மங்கிவிடும். வெறும் ஓட்டையைப் பார்த்து என் மூச்சைப் படித்த மனிதர் அவர்.

தொண்ணூறுகளில் பிரிட்டன் வந்த பிறகு, இங்கே துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்தேன். குறைந்தது மூன்று மாதம் தகுதிகாண் காலம், அதன் பிறகுதான் முழு உறுப்பினர். கிளப் ரைஃபிளிலேயே சுடலாம். 50 மீட்டர் டார்கெட்டில் பத்துக்கான வட்டம் 10.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு சுண்டைக்காய். முதல் நாளே உஸ்தாத் சொன்னதில் ஒன்றை மாற்ற வேண்டி வந்தது. நாங்கள் கால்களை அகட்டி, குதிகால் தரையில் பட அழுத்திப் படுப்போம். குதிகால் தூக்கியிருந்தால் அவர் பூட்ஸ் வந்து அழுத்தும். இங்கே வலது முழங்காலை மடக்கி மேலே இழுத்துக்கொள்கிறார்கள். வயிறு தரையிலிருந்து சற்று எழும்புவதால் மூச்சும் நாடித் துடிப்பும் ரைஃபிளுக்கு அவ்வளவாகப் போகாது. தோல் வாரை இடது மேல்கையில் மாட்டி ரைஃபிளோடு இணைத்தால், கனம் முழுவதையும் வாரே தாங்கும். அதை ரொம்ப இறுக்கினால் குறி நாடியோடு சேர்ந்து துடிப்பது கண்ணுக்கே தெரியும்.

இங்கே கற்றதில் நான் மிகவும் மதிப்பது கண்ணை மூடுவது. குறி வைத்துவிட்டு, கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறக்க வேண்டும். குறி விலகியிருந்தால் கையால் தள்ளிச் சரிசெய்யக் கூடாது. தள்ளினால் சுடும் கணத்தில் உடம்பு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். இடது முழங்கையை அச்சாக வைத்து, இடுப்பை நகர்த்த வேண்டும். குறி வலப்பக்கம் போயிருந்தால் இடுப்பையும் வலப்பக்கமே நகர்த்தினால் முனை இடது பக்கம் திரும்பும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் சென்னையில் பிறந்த ககன் நாரங் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கினார். நம்மவர்கள் எல்லோரும் அதைக் கொண்டாடினோம். என் மனதில் நிற்பது சில நாள் கழித்து 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டி. ஜாய்தீப் கர்மாகர் 1.9 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அந்தப் போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. மண்டியிட்டு, படுத்து, நின்று சுடும் மூன்று நிலைப் போட்டியில் படுத்துச் சுடுவது ஒரு பகுதியாக இன்னும் இருக்கிறது என்றாலும், அதைத் தனிப் போட்டியாக இழந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

சில ஆண்டுகளாக முழங்கையும் கழுத்தும் ஒத்துழைப்பதில்லை. அதனால் பெஞ்சுக்கு மாறினேன். மேசை, முன்னால் ஒரு தாங்கி, பின்னால் ஒரு மணல் பை. இதில் பிடிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முதல் தாள் படுத்துச் சுட்டதைவிட மோசம். பழக்கத்தில் இடது கையால் முன்கட்டையைப் பிடித்துத் தாங்கியின் மேல் அழுத்தியிருக்கிறேன். பக்கத்து மேசைப் பெரியவர் என் கையை மெல்ல எடுத்து, பின்பையின் மேல் வைத்தார். பையைப் பிசைந்தால் பட் ஒரு மயிரிழை எழும்பும், முனை இறங்கும்; தளர்த்தினால் முனை ஏறும். இடது கைக்கு அதுதான் வேலை.

குழல் ஒருபோதும் தாங்கியைத் தொடக் கூடாது, கட்டைதான் உட்கார வேண்டும். அதுவும் எப்போதும் ஒரே இடத்தில்; நான் ஒரு துண்டு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒரு மாதம் முழுக்க எனக்கு ஐந்தில் ஒரு குண்டு மேலே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பார்த்தால், வார் மாட்டும் வளையம் ரைஃபிள் உதைக்கும்போது தாங்கியில் இடித்துக்கொண்டிருந்தது. இரண்டு விரற்கடை முன்னால் தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது. 1860இல் விம்பிள்டனில் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டியை விக்டோரியா ராணி தொடங்கிவைத்தபோது, ரைஃபிளை இரும்புத் தாங்கியில் பொருத்தி, ஒரு பட்டுக் கயிற்றை மட்டும் இழுக்கச் செய்தார்கள். 400 கெஜத்தில் குண்டு நடுப்புள்ளிக்கு ஒன்றேகால் அங்குலத்தில் விழுந்தது. பெஞ்சில் உட்காரும்போதெல்லாம் அந்தக் கயிறு ஞாபகம் வருகிறது. ரைஃபிளுக்குத் தன் வேலை தெரியும், நாம் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும்.

பள்ளி முடித்த ஆண்டு விடைபெறப் போனபோது, உஸ்தாத் சட்டைப் பையிலிருந்து ஒரு நாலணாவை எடுத்துக் கொடுத்தார். இந்தியாவில் 2011இல் அது செல்லாக் காசாகிவிட்டது. என்னிடம் துப்பாக்கிப் பெட்டியில் இருக்கிறது.

போன மாதம் நம் சங்கத்து நண்பர் ஒருவரின் மகள் கிளப்புக்கு வந்தாள். பதினாறு வயது. பாயில் படுத்ததும் கட்டையை இறுக்கிப் பிடித்தாள், விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன். போல்ட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன், காலி உறையைப் போட்டேன், குழல் முனையில் நாலணாவை வைத்தேன். மூன்று முறை விழுந்தது. நான்காவது முறை டக் என்ற சத்தம் கேட்டது. காசு அசையாமல் இருந்தது, அவளும் அசையவில்லை.

"இப்போ மூச்சு விடலாமா அங்கிள்?" என்றாள்.