"பொலிசிட்டை ஒப்புக்கொண்டிட்டானாமே"

போன ஞாயிறு கொக்குவிலில் பெரியம்மா வீட்டு விறாந்தையில் இருந்தேன். சுளகில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டே கேட்டா: "தம்பி, அந்தச் சங்கிலி களவெடுத்த பெடியன் பொலிசிட்டை எல்லாத்தையும் ஒப்புக்கொண்டிட்டானாம். பேப்பரிலை கிடக்கு. பிறகேன் வழக்கை இழுத்துக்கொண்டு திரியிறியள்?"

நான் சட்டத்தரணி, ஆனால் அந்த வழக்கில் தோன்றவில்லை. ஆனாலும் பதில் சொல்லாமல் எழும்ப மனம் வரவில்லை.

இலங்கையில் எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டையது. அதன் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தருக்குச் சொன்ன குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது. பொலிஸ் காவலில் இருக்கும்போது வேறொருவரிடம் சொன்னாலும் அப்படித்தான், நீதவான் முன்னிலையில் சொன்னால் ஒழிய. அது 26. பூட்டிய அறைக்குள் என்ன நடந்ததென்று வெளியே ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் இந்த வேலி.

வேலிக்கு ஒரு பொட்டும் (ஓட்டையும்) உண்டு, 27ஆம் பிரிவு. "களவெடுத்த சங்கிலியைக் கிணத்தடி வாழைக்குள்ளை தாட்டு வைச்சிருக்கிறன்" என்று பெடியன் சொல்லி, அங்கே தோண்டச் சங்கிலி வந்தால், 'தாட்டு வைச்சிருக்கிறன்' மட்டும் நீதிமன்றத்துக்குள் வரும். 'களவெடுத்த' என்ற சொல் வெளியிலேயே நிற்கும். இதில்தான் குறுக்கு விசாரணையின் முழுப் பாடும். வாக்குமூலம் எழுதியது எத்தனை மணிக்கு, தோண்டியது எத்தனை மணிக்கு, அதற்கு முன்னமே பொலிசுக்கு இடம் தெரியுமா என்று பொலிசின் தகவல் புத்தகத்தை வரி வரியாகப் பார்ப்போம்.

1979இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் தன் கீழ் வரும் வழக்குகளில் அந்த வேலியைப் பிடுங்கிவிட்டது. அதன் 16ஆம் பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அவருக்கு மேற்பட்டவர் எடுத்த ஒப்புதல் சாட்சியமாகும். அடித்து வாங்கியதென்றால் அதை எதிரிதான் நிரூபிக்கவேண்டும். மட்டக்களப்பில் 1993இல் பிடிபட்ட நல்லரத்தினம் சிங்கராசாவுக்கு அப்படியொரு ஒப்புதலை மட்டும் வைத்து 50 வருடத் தண்டனை கொடுத்தார்கள். மேன்முறையீட்டில் அது 35 ஆனது. தாள் சிங்களத்தில் இருந்தது, அவர் கைநாட்டு வைத்திருந்தார், மொழிபெயர்த்ததும் ஒரு பொலிஸ்காரர். இது சரியில்லையென்று ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் சொல்லியும், 2006இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்ற மறுத்துவிட்டது. அந்தச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தமும் 16ஆம் பிரிவைத் தொடவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இது.

நான் கனிஷ்ட சட்டத்தரணியாக இருந்த காலத்தில் அப்படியொரு வழக்கில் ஒரு உண்மை விளம்பல் விசாரணை பார்த்தேன். ஒப்புதல் சுயவிருப்பில் வந்ததா என்பதை மட்டும் வழக்குக்குள் தனியாக விசாரிப்பது அது. தட்டச்சு செய்த சிங்களத் தாளின் அடியில் ஊதா மையில் பெருவிரல் அடையாளம். அதைக் காட்டியபோது கூண்டில் நின்றவர் தன்னை அறியாமல் அந்த விரலைச் சாரத்தில் துடைத்தார். என் சீனியர் பிணைக் கடதாசி ஒன்றை நீட்டினார். அதில் அதே மனிதரின் தமிழ்க் கையெழுத்து, வடிவான எழுத்து. "கையெழுத்து வைக்கத் தெரிஞ்சவர் உங்களிட்டை மட்டும் ஏன் கைநாட்டு வைச்சவர்?" என்று கேட்டார். சாட்சிக் கூட்டில் நின்ற அதிகாரி தண்ணீர் கேட்டார். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையில் முதுகுத் தழும்புகளும் இருந்தன. நீதிபதி அந்தத் தாளை நிராகரித்தார். அதை விட்டால் வழக்குத் தொடுநரிடம் வேறு சாட்சியம் இல்லை. அதற்குள் எட்டு வருடம் விளக்கமறியலில் போயிருந்தது.

பெரியம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டா. "அப்ப பேப்பரிலை ஏன் அப்பிடிப் போடுறாங்கள்?"

அதைத்தான் எங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரரிடம் நானும் கேட்கிறேன். நீதிபதியே பார்க்கக்கூடாத ஒன்றை ஒழுங்கை முழுக்க வாசிக்கக் கொடுக்கிறீர்கள். கைது செய்தார்கள், நீதவான் முன் நிறுத்தினார்கள், தவணை எப்போது என்பதோடு நிறுத்துங்கள். அந்தப் பெடியனின் தாய் இப்போது கடைக்குப் போவதில்லை. பெரியம்மாதான் சாமான் வாங்கிக் கொடுக்கிறா.