உப்புவெளிக் கரையிலிருந்து செக்கியின் நட்சத்திரங்கள்

1860களில் ரோமாபுரியில் இயேசு சபைக் குரு ஆஞ்செலோ செக்கி, சுமார் 4000 நட்சத்திரங்களின் நிறமாலையை (ஒளி நிறம் நிறமாகப் பிரிந்து விழும் பட்டையை) கண்ணாலேயே பார்த்து வகைப்படுத்தினார். அவருடைய முதல் வகையையும் (சிரியஸ்) மூன்றாம் வகையையும் (திருவாதிரை) சாதாரண கமராவில் பிடிக்கலாம்.

தேவை: 85 மி.மீ. லென்ஸ், அதன் முன்னால் மில்லிமீற்றருக்கு 100 கோடுள்ள கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தாள்), ஸ்டாண்ட். நிறமாலை வடக்குத் தெற்காக விழும்படி கிரேட்டிங்கைத் திருப்புங்கள். 20 செக்கன் திறந்து வைத்தால் நட்சத்திரம் மேற்கே நகர்ந்து, நூல் போன்ற நிறமாலையைப் பட்டையாக அகட்டிவிடும். நிறமாலை கிழக்கு மேற்காக விழுந்தால் அதன் குறுக்கே உள்ள கருங்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து அழிந்துபோகும். பலர் தோற்பது இங்கேதான்.

ஃபோகஸை நட்சத்திரப் புள்ளியில் பார்க்க வேண்டாம். நிறமாலையின் கோடுகள் கூர்மையாகும் வரை திருப்புங்கள். சிரியஸில் 486.1, 434.0 நானோமீற்றர் அலைநீளத்தில் ஐதரசன் கோடுகள் தடிப்பாகத் தெரியும். 656.3இல் உள்ள ஐதரசன் கோடு மங்கலாக இருந்தால் குற்றம் கமராவின் உள் வடிகட்டியில். திருவாதிரையில் வருபவை கோடுகளல்ல, தைத்தேனியம் ஒட்சைட்டின் அகலப் பட்டைகள். 760இல் வெட்டு தெரிந்தால் அது நம் காற்றின் ஒட்சிசன்; அதை நட்சத்திரத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

வாடைமழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச் மாலைகளில் திருகோணமலையின் உப்புவெளியில் இரண்டு நட்சத்திரங்களும் உயரத்தில் நிற்கும். கடற்காற்றின் உப்பும் பனியும்தான் தொல்லை. பிளாஸ்டிக் தாள் கிரேட்டிங்கைத் துணியால் துடைத்தால் அதோடு சரி, ஊதுபந்தால் ஊதுங்கள்.