சொட்டுவது கீழே, கசிவது மேலே: பழைய ஜென் காரின் ஆயில் லீக்

பழைய காரின் அடியில் ஆயில் சொட்டுகிறது என்று சென்னையில் எந்த ஷெட்டுக்குப் போனாலும் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "கிராங்க் சீல் போயிருக்கு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்." எங்கள் வீட்டு 1998 மாடல் மாருதி ஜென்னுக்கும் அதையேதான் சொன்னார்கள். காரணமில்லாமல் சொல்லவில்லை. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெல் ஹவுசிங்கின் அடியில்தான் சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் அந்த இடத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. அது போனால் ஆயில் அந்த வழியாகத்தான் வெளியே வரும். ஆக, சந்தேகம் நியாயமானது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு கியர்பாக்ஸை இறக்கினால் சீலுக்குச் சில நூறு, கூலிக்குப் பல ஆயிரம். "இறக்கினது இறக்கினோம், கிளட்ச் பிளேட்டையும் பார்த்துடலாம்" என்று அடுத்த வரி வரும். பார்த்தபின் மாற்றாமல் விட்ட ஷெட் எதுவும் எனக்குத் தெரியாது.

இவ்வளவு பழைய காரை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு: ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனபிறகும் கட்டிப் புதுப்பித்த கார் இது. கார்புரேட்டர் வண்டி, 993 சிசி, கொளத்தூர் சந்துகளில் வளைந்து திரும்ப இதைவிடச் சௌகரியமான கார் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில், சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்று பார்க்க வேண்டும். சென்னையில் வருஷம் முழுக்க ஏசி ஓடுவதால் காருக்கு அடியில் எப்போதும் ஒரு ஈரம் இருக்கும். அது வெறும் தண்ணீர். ராத்திரி நிறுத்தும்போது ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து இன்ஜினுக்கு அடியில் விரித்து, முன் டயர் எங்கே நிற்கிறது என்று அதிலேயே பேனாவால் குறித்துவிட்டேன். காலையில் அட்டையைப் பார்த்தால் சொட்டு எந்தப் பக்கம், என்ன நிறம் என்று இரண்டும் தெரியும். கூலன்ட் என்றால் பச்சையோ சிவப்போ இருக்கும், லேசாக இனிப்பு வாசனை அடிக்கும். கியர் ஆயில் கெட்டியாக இருக்கும். விரலில் தேய்த்து முகர்ந்தால் கந்தக நெடி மூக்கைத் துளைக்கும், ஒருமுறை முகர்ந்தவருக்கு மறக்காது. என் அட்டையில் இருந்தது கறுத்த பழுப்பு, நெடி எதுவும் இல்லை. டிப்ஸ்டிக்கிலும் அளவு குறைந்துகொண்டே வந்தது. இன்ஜின் ஆயிலேதான்.

அடுத்து கிளட்ச். பின்பக்க கிராங்க் சீல் உண்மையிலேயே ஒழுகினால் ஆயில் கிளட்ச் பிளேட்டில் படப் பார்க்கும். பட்டால் மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் உறுமும், வண்டி நகராது. அல்லது முதல் கியரில் கிளட்ச்சை விடும்போது உதறும். பாடி மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தேன், இரண்டும் இல்லை. இதை வைத்து மட்டும் சீல் நல்லது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கியர்பாக்ஸை இறக்குவதை ஒத்திப்போட இது போதும்.

அப்புறம்தான் உண்மையான வேலை: கழுவுவது. அழுக்கு இன்ஜினில் லீக் தேடுவது வீண். பல வருஷ ஆயிலும் தெருப் புழுதியும் சேர்ந்து இறுகி, எது பழைய கறை, எது இன்றைய கசிவு என்று பிரித்தறிய முடியாதபடி கிடக்கும். வாட்டர் வாஷில் கொடுத்தால் பிரஷர் கன்னை நேராக இன்ஜின் மேலேயே காட்டுவார்கள். கார்புரேட்டர் வண்டியில் அது வம்பு. அதனால் வீட்டிலேயே செய்தேன். இன்ஜின் நன்றாக ஆறியபின் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பாகம்), ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய் மூன்றையும் பிளாஸ்டிக் பையால் கட்டி, டீசலில் நனைத்த பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, கடைசியில் சோப்புத் தண்ணீரைக் குவளையால் ஊற்றிக் கழுவினேன். சூடான சைலன்சர் குழாயில் டீசல் பட்டால் விபரீதம், அதனால் அவசரம் கூடாது. பானட்டைத் திறந்துவைத்தால் உலர்த்துவதைச் சென்னை வெயில் பார்த்துக்கொள்ளும்.

உலர்ந்ததும், ஆயில் வரக்கூடிய இடங்களில் எல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். டேப்பட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்து, ஆயில் ஃபில்டரைச் சுற்றி, ஆயில் பிரஷர் ஸ்விட்ச், பெல் ஹவுசிங்கின் மேல்முகம். வெள்ளைப் பவுடரில் துளி ஆயில் பட்டாலும் கறுப்புக் கோடு விழும். ஆயிலில் சாயம் கலந்து ஊதா டார்ச் அடித்துப் பார்க்கும் முறையும் உண்டு. ரிச்சி தெருவில் அந்த டார்ச் கிடைக்கும். எனக்கு அதுவரை போகத் தேவைப்படவில்லை.

இதில் ஒரு சூட்சுமம். உடனே வண்டியை ஓட்டிவிடக் கூடாது. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளி எங்கெங்கோ பூசிவிடும். நிறுத்திய இடத்திலேயே ஐடிலில் விட்டு, ரேடியேட்டர் ஃபேன் ஒரு சுற்று ஓடி அடங்கும்வரை காத்திருந்து, டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்க்க வேண்டும். நிற்கிற வண்டியில் ஆயிலுக்குத் தெரிந்த ஒரே திசை கீழ்நோக்கி. ஆகவே நனைந்த இடங்களில் மிக உயரமான இடம் எதுவோ, லீக் அங்கே அல்லது அதற்குச் சற்று மேலே.

பெல் ஹவுசிங்கின் மேல்முகத்தில் பவுடர் கறுத்திருந்தது. அங்கிருந்து ஒரு கோடு பக்கவாட்டில் இறங்கி, அடியில் அந்தப் பழைய சொட்டு தொங்கும் இடத்தில் முடிந்தது. கோட்டை மேல்நோக்கித் தொடர்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டர். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க ஓரத்தில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் முனையில் செருகப்பட்டிருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு ஓ ரிங், அதாவது ரப்பர் வளையம். அது சூட்டில் இறுகிப்போனால் ஹெட்டுக்குள் சுற்றும் ஆயில் கசிந்து, நேர் கீழே இருக்கும் பெல் ஹவுசிங் மேல் விழுந்து, அதைச் சுற்றி இறங்கி, கிராங்க் சீல் ஒழுகுவதுபோலவே காட்சி தரும்.

பெரம்பூரில் தனியாக வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். "மேல் பக்கம் நனைஞ்சிருக்கேண்ணே, சீல்ல இருந்து மேல ஏறுமா?" என்றேன். கண்ணாடியை வாங்கி அவரே பார்த்தார். "ஏறாது தம்பி. முதல்ல இத மாத்துவோம். நிக்கலைன்னா அப்புறம் இறக்கிக்கலாம்." இந்த மாதிரிப் பேசும் மெக்கானிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கழற்றும் முன் அவர் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அங்கே ஆயில் இருந்தால் கதை வேறு: உள் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது என்று அர்த்தம், வெளி ஓ ரிங்கை மாற்றிப் பயனில்லை, டிஸ்ட்ரிபியூட்டரையே பிரிக்கவோ மாற்றவோ வேண்டும். எங்களுக்கு உள்ளே சுத்தமாகக் காய்ந்திருந்தது.

பொருள் வாங்க ஜி.பி. ரோடு. அண்ணா சாலைப் பக்கம் போகும் இந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்காத கார் சாமான் குறைவு. பிரித்தெடுத்த பழைய சாமான் வேண்டுமென்றால் புதுப்பேட்டை. ஆனால் ரப்பர் சாமானைப் பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை. ஜென்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த ஜென் 2006-லேயே நின்றுபோனது, அதே பெயரைச் சுமந்து பின்னால் வந்த எஸ்டிலோ வேறு கார், வேறு இன்ஜின். வெறும் "ஜென் பேக்கிங்" என்று கேட்டால் எதை எடுத்து நீட்டுவார்கள் என்று சொல்ல முடியாது. "பழைய ஜென், கார்புரேட்டர்" என்று வருஷத்தோடு சொல்லிக் கேளுங்கள். ஓ ரிங் வாங்கும்போது சுற்றளவு மட்டுமில்லாமல் தடிமனும் பார்க்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரிங் அளவு சரியாக இருந்தாலும் சூடான ஆயிலில் நிற்காது. சூட்டையும் ஆயிலையும் தாங்கும் ரப்பரான "வைட்டான்" என்று கேட்டு வாங்கினேன். கொஞ்சம் கூடுதல் விலை, அப்படியும் ஒரு ஓட்டல் சாப்பாட்டு விலைதான்.

டிஸ்ட்ரிபியூட்டரை உருவும் முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதைப் பிடித்திருக்கும் போல்ட் ஒரு நீள ஓட்டையில் உட்காரும். டிஸ்ட்ரிபியூட்டரை இப்படியும் அப்படியும் லேசாகத் திருப்பித்தான் இக்னிஷன் டைமிங் வைப்பார்கள். எந்த நிலையில் இருந்தது என்று தெரியாமல் கழற்றினால் திரும்ப மாட்டும்போது டைமிங் மாறிப்போகும். அண்ணன் ஒயிட்னர் பேனாவால் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஹெட்வரை குறுக்காக ஒரே கோடு இழுத்தார். திரும்ப மாட்டும்போது இரண்டு பாதியும் சேர வேண்டும், அவ்வளவுதான். கேம்ஷாஃப்ட்டோடு கோக்கும் பல் நட்டநடுவில் இல்லாமல் சற்று விலகி இருப்பதால் தலைகீழாக மாட்டிவிடும் பயமும் இல்லை. மாட்டியபின் டைமிங் லைட் வைத்தும் ஒருமுறை சரிபார்த்தார்.

பழைய ஓ ரிங்கை நுனி ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் வளையாமல் இரண்டாக ஒடிந்தது. துண்டை எடுத்துப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய வெட்டுமுகம் இருபக்கமும் சப்பையாகித் தேய்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தைத் துணியால் துடைத்து, புது ரிங்கில் கொஞ்சம் புது ஆயில் தடவி, முறுக்கு விழாமல் உட்காரவைத்தார். உலர்ந்த ரிங்கை அழுத்தித் திணித்தால் அங்கேயே கிழியும்.

பவுடர் இன்னொரு இடத்தையும் காட்டிக்கொடுத்திருந்தது: டேப்பட் கவரின் பின்மூலை. கவருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் பேக்கிங்கைக் கழற்றியபோது பழைய பிளாஸ்டிக் ஸ்கேல் மாதிரி விறைத்திருந்தது. இங்கேதான் பல ஷெட்களில் கெடுப்பார்கள். பேக்கிங்கை மாற்றாமல் போல்ட்டை இன்னும் இறுக்குவது ஒரு வகை. கவர் வளைந்து லீக் அதிகமாகும். சுற்றிவர சிலிகான் பேஸ்ட்டைப் பிதுக்கி அப்புவது இன்னொரு வகை. உள்ளே பிதுங்கும் துணுக்குகள் ஆயிலோடு போய் அடியிலிருக்கும் சல்லடையில் சிக்கினால் இன்ஜினுக்கு ஆயிலே போகாது. ரப்பர் பேக்கிங்குக்குப் பேஸ்ட் தேவையில்லை, மூலை வளைவுகளில் கடுகளவு போதும். ஹெட் அலுமினியம் என்பதால் ஒட்டியிருந்ததை இரும்புத் தகட்டால் சுரண்டாமல் பிளாஸ்டிக் அட்டையால் எடுத்தோம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக, சின்ன ஸ்பேனரால் மணிக்கட்டு பலத்தில் மட்டும் முடுக்கினார்.

ரப்பர் வயசாகிப் போவது ஒரு காரணம். உள்ளிருந்து அழுத்தம் தள்ளுவது இன்னொன்று. பிஸ்டனைத் தாண்டி இறங்கும் புகை வெளியேற டேப்பட் கவரிலிருந்து இன்டேக் பக்கம் பிரீதர் குழாய் போகிறது. அது அடைத்தால் அழுத்தம் வேறு வழி தேடும், எந்த சீல் நொய்ந்திருக்கிறதோ அதன் வழியே ஆயிலைத் துரத்தும். புது சீல் போட்டாலும் சீக்கிரமே ஒழுகும். எங்கள் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தால் காற்று சிரமப்பட்டுத்தான் போனது. உள்ளே கறுப்புப் பிசின். பெட்ரோலில் கழுவி மாட்டினோம். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து கையை மேலே காட்டினால் மெல்லிய ஆவிதான் பட வேண்டும். குபுகுபு என்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதுதான், அது பெரிய செலவு. இங்கே அப்படி இல்லை.

ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சின் ஒயரைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே ஈரமில்லை. டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டாயிற்று. ஃபில்டர் மாற்றும்போது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

கெட்டியான ஆயில் போட்டால் நிற்கும், லீக் நிறுத்தும் மருந்து ஊற்றினால் நிற்கும் என்று யோசனை சொன்னவர்கள் நிறையப் பேர். அந்த மருந்து ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், உண்மைதான். ஆனால் ஒடிந்த ஓ ரிங் எவ்வளவு உப்பினாலும் ஒடிந்ததுதான். வண்டியை விற்கப்போகிறவர்கள் ஊற்றிக்கொள்ளட்டும்.

வடித்த ஆயிலைத் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். கேனில் பிடித்து மெக்கானிக்கிடமே கொடுத்தால் பழைய ஆயில் வாங்க வருபவர்களுக்கு அவர் போட்டுவிடுவார். எங்கள் அபார்ட்மென்ட் சங்கச் செயலாளருக்கு நான் கடன்பட்டிருந்த பேவர் பிளாக் கறைக்கு மரத்தூளைக் கொட்டி ஊறவிட்டுப் பெருக்கி, அப்புறம் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். முக்கால்வாசி போனது. மீதியை அவர் இன்னும் சுட்டிக்காட்டுவதுண்டு.

இப்போது பெல் ஹவுசிங் காய்ந்திருக்கிறது, மேலும் கீழும். அட்டையும் சுத்தம். மிச்சமிருப்பது, கிராங்க்கையும் கேம்ஷாஃப்ட்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டை மூடிய கவரின் அடியில் லேசான கசிவு; முன்பக்க கிராங்க் சீலாக இருக்கலாம். துடைத்தால் ஈரம் தெரியும், சொட்டாக விழுவதில்லை. டைமிங் பெல்ட்டில் ஆயில் பட்டால் பெல்ட் ஊறிக் கெட்டுவிடும் என்பதால் கவரின் மேல்பாதியைத் திறந்து பெல்ட்டைப் பார்த்தோம், காய்ந்திருந்தது. அந்த சீலுக்குப் போக எப்படியும் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அதனால் அடுத்த பெல்ட் மாற்றத்தின்போது முன் கிராங்க் சீல், கேம் சீல், டென்ஷனர் பேரிங் மூன்றையும் ஒரே கூலியில் முடித்துவிடலாம் என்று அண்ணனிடம் பேசி வைத்திருக்கிறேன். சாமானை நானே ஜி.பி. ரோட்டில் வாங்கித் தருவதாக ஏற்பாடு.